ஆவணிக்குள் காயும் விறகு

எங்கள் வெண்ணந்தூர் சாயப்பட்டறையில் புது அடுப்பை மாட்டிவிட்டுப் போன ஆள் என்னிடம்தான் விவரம் சொன்னான். பழைய அடுப்பு தின்ற விறகில் பாதி போதுமாம். ஆனால் முழ நீளத்தில் அறுத்து, பிளந்து, நன்றாகக் காயவைத்துப் போட வேண்டும். ஈரம் ஆகவே ஆகாது. பதினொரு வருடமாக அங்கே விறகு பிளந்து அடுப்புக்குப் போடுகிறவள் நான். எனக்கு இது ஒரு பெரிய வித்தையா?

விறகு அடுக்க இருந்தது ஒரே தகரக் கொட்டகை. ஆடித் தள்ளுபடியில் முதலாளி சின்னுசாமி புதுக் கார் வாங்கி அதற்குள் நிறுத்தினார். ஆடியில் விலை குறைவு என்று வாங்குவாராம், ஆடியில் ஓட்ட மட்டும் மாட்டாராம். ஆவணி முகூர்த்தம் வரை கார் மாலையோடு நிழலில் நிற்க, விறகு வெட்டவெளியில் கிடந்தது. மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். தார்ப்பாயாவது கேட்டேன். அதையும் காருக்குப் போர்த்திவிட்டார்.

செவ்வாய்க்கிழமை விடிய விடிய மழை. காலையில் அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. தொட்டி கொதிக்காமல் நூலில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்தது. முதலாளி எல்லார் முன்னாலும் என்னைக் கை காட்டினார்.

"ஈரக் கட்டையப் போட்டுக் கெடுத்துப்போட்டா. இன்னிக்கு வர்ற விறகு லோடை அடுக்கிப்போட்டுப் போயிரு. நாளையிலிருந்து வராதே."

சொல்லிவிட்டுப் பழைய காரில் ராசிபுரம் போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. லோடு வந்ததும் கூட வேலை செய்யும் கோகிலவாணியைக் கூப்பிட்டேன். இருவருமாக அத்தனையும் பிளந்தோம். கொட்டகைக்குள் காரைச் சுற்றி நாலு பக்கமும், காற்றுப் போக இடம் விட்டு, ஆளுயரத்துக்கு அடுக்கினோம். கார் மேல் ஒரு கீறல் படவில்லை. அடுக்கச் சொன்னார், அடுக்கினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் கொட்டகையைப் பார்த்துத் திகைத்துப்போனார். வண்டியை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டார்.

"ஆடி முடியாம எடுக்க மாட்டீங்களேங்க. ஆவணிக்குள்ள கட்டையும் காஞ்சிருமுங்க."

பிரிக்கச் சொல்லிக் கோகிலவாணியைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதற்குள் மறுபடி தூறல் போட்டது. முதலாளி நனையாத விறகைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், காலையில் வந்துவிடு என்றார்.

நான் கோடாரியைத் தோளில் போட்டேன்.

"போகச் சொன்னது எல்லாரு முன்னாலயுமுங்க. கூப்பிடறதையும் அப்படியே கூப்பிடுங்க."