மூன்றாம் ஓலை

நற்கருணை வழங்கி முடிந்து, தூபத்தின் கடைசி இழை பீடத்தின் மேல் கரைந்துகொண்டிருந்த வேளையில் பங்குச் சாமியார் ஓலை வாசித்தார். மணம் முடிக்கவிருப்போரின் பெயர்களை மூன்று ஞாயிறு கோயிலில் உரக்க அறிவிப்பதும், தடை அறிந்தவர் வந்து சொல்லுங்கள் என்று கேட்பதும் திருச்சபையின் பழைய ஒழுங்கு.

"பெரியநாயகம் மகள் ஆரோக்கியம்மாளுக்கும் மொரப்பூர் இன்னாசிராஜுக்கும் இது இரண்டாம் ஓலை" என்றார் அவர்.

கோயிலே திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தது. கிழவிகள் சிரித்தார்கள், குமரிகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அத்தனை கண்களும் தன் மேல் விழக் கண்ட ஆரோக்கியம்மாள், இவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்று அறியத் தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

அருகில் அமர்ந்திருந்த அக்காள் மிக்கேலம்மாள் அதைப் பார்த்தாள். தருமபுரியில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள், தங்கைக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டு மகிழ்ச்சி பொங்க முதல் நாள் மாலைதான் வந்திறங்கியிருந்தாள். பிறவியிலேயே செவி கேளாத தங்கைக்கு இப்படியொரு நல்வாழ்வா என்று வழியெல்லாம் செபமாலை உருட்டிக்கொண்டு வந்தவள், ஊரே அறிந்த செய்தியை அறியாதவள் அந்த மணப்பெண் ஒருத்திதான் என்பதை அந்தக் கணத்தில் கண்டுகொண்டாள்.

எண்பத்து நான்காம் ஆண்டு, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்து வைகாசிக் கல்யாணங்களுக்கு ஊர் ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தகப்பனாரைப் பிடித்துக்கொண்டாள் மிக்கேலம்மாள்.

"என்னாப்பா, அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லலியா?"

"எதுல சொல்றது, காதுலயா?"

"கையில சொல்லலாமில்ல?"

"உன்ன மாதிரி கோணங்கி ஆட்டம் ஆட எனக்குத் தெரியாது, தாயி" என்றார் பெரியநாயகம். "பையன் செங்கல் சூளை வெச்சிருக்கறான். மொதல் சம்சாரம் செத்து வருசம் திரும்பிடுச்சி. ஊமைச்சின்னு தெரிஞ்சும் கட்டிக்கறேங்கறான். வேற எவன் வருவான், நீயே சொல்லு."

"வர்றான் போறான், அது வேற பேச்சு. ஓலைக்கு முன்ன பொண்ணு மாப்பிள்ளைய மந்திரம் சொல்லச் சொல்லிக் கேக்கறப்ப, உனக்குச் சம்மதமான்னு சாமியாரு கேட்டிருப்பாரே?"

"கேட்டாரு. நாந்தான் சம்மதம்னேன்."

"கட்டிக்கப் போறது நீயா?"

அடுப்படியில் இருந்த தாயார் களுக்கென்று சிரித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆரோக்கியம்மாள் மூன்றாண்டு காலம் வெளியூரில் காது கேளாதோர் பள்ளியில் இருந்தவள். எழுத்துக் கூடிவருமுன்பே, களையெடுக்க ஆளில்லை என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். ஆனால் கையால் பேசும் பேச்சு அவளோடு வந்துவிட்டது. விடுமுறைதோறும் அவளிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டவள் அக்காள் ஒருத்தியே. அக்காள் மணமாகிப் போன பின் அந்த வீட்டில் அவளுக்குப் பேசத் துணையில்லை. ஊரார் அவளுக்குச் செய்த சைகைகள் மூன்றே: வா, சாப்பிடு, தண்ணீர் கொண்டுவா.

மாட்டுக் கொட்டகையில் வைத்து மிக்கேலம்மாள் செய்தியைச் சொன்னாள். மண்ணை அச்சில் அடித்துக் காட்டி, மீசையை முறுக்கிக் காட்டி, பிறகு தாலியைத் தொட்டு, தங்கையின் கழுத்தைத் தொட்டாள்.

ஆரோக்கியம்மாளின் முகத்தில் முதலில் வந்தது கோபமன்று, திகைப்பு. 'அந்த ஆளா? கிடாரி வாங்க வந்தவனல்லவா அவன்?' என்று அவள் கைகள் கேட்டன. விற்பதற்கென்று நிறுத்தியிருந்த செவலைக் கிடாரியைத்தான் அந்த மனிதன் பார்க்க வந்திருப்பதாக எண்ணி, காப்பி கொடுத்த கையோடு கொட்டகைக்கு அழைத்து வந்து, அதன் வாயைப் பிளந்து பல்லைக் காட்டியிருக்கிறாள். நல்ல விலைக்குப் போகட்டும் என்று திமிலையும் தட்டிக் காட்டியிருக்கிறாள். அவன் சிரித்தானாம். விலை பேசப்பட்டது எது என்று இப்போது விளங்கியபோது அவள் கண்களில் நீர் வரவில்லை, நெருப்பு வந்தது.

நேரே தகப்பன் முன் போய் நின்றாள். அவனுக்கு வயது என்ன? அவன் வீட்டில் என்னோடு பேச யார் உண்டு? என்னை ஏன் கேட்கவில்லை? கைகள் காற்றைக் கிழித்துக்கொண்டு கேட்டன. பெரியநாயகம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மற்றவர் பேச்சை அடக்க அதட்டவாவது வேண்டும். இவள் பேச்சை அணைத்துவிட முகத்தைத் திருப்பினாலே போதும்.

"வெக்கப்படுது, அவ்வளவுதான்" என்றார் சுவரைப் பார்த்து.

அன்று மாலை ஆரோக்கியம்மாள் அக்காளிடம் கேட்டாள்: 'அடுத்த ஞாயிறு கோயிலில் எத்தனை முகம் இருக்கும்? எல்லாம் ஒன்றாகத் திரும்புமா? சாமியார் ஓலை வாசிக்கும்போது என் கண்ணுக்கு எதிரே நின்று நீ எனக்குச் சொல்.'

எதிரே நிற்பதென்றால் பீடத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். நற்கருணைக்கு முதுகு காட்டலாகாது என்று சிறு வயது முதல் பின்னடி வைத்தே கோயிலை விட்டு வெளியேறிப் பழகியவள் மிக்கேலம்மாள். அந்த வாரம் முழுவதும் கோயிலில் முழந்தாளிட்டாள். ஆண்டவரே, உமக்கு முதுகு காட்டவில்லை. நீர் படைத்த ஓர் ஆன்மாவுக்கு முகம் காட்டுகிறேன் என்று மன்றாடி மன்றாடி, சனிக்கிழமை மாலை மனத்தை ஒருவாறு கல்லாக்கிக்கொண்டாள்.

மூன்றாம் ஞாயிறு. முறைப்படி விருந்துண்ண வந்திருந்த இன்னாசிராஜ் ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் அமர்ந்திருந்தான். சாமியார் ஓலைக்கு வாய் திறந்ததும் மிக்கேலம்மாள் எழுந்து, பீடத்தின் முன்னிருந்த கிராதியருகே போய், சபையை நோக்கித் திரும்பி நின்றாள். அவள் கைகள் உயர்ந்தன.

கோயிலில் சலசலப்பு எழுந்தது. உபதேசியார் சவுரியப்பன் பதறி ஓடிவந்தார்.

"ஏ மிக்கேலு! பீடத்துக்கு முதுகையா காட்டற? போயி ஒக்காரு!"

"மொகத்தக் காட்டுனாத்தானுங்க அதுக்குத் தெரியும்" என்றாள் அவள், கையை நிறுத்தாமலே.

"சினிமாக் கொட்டாய்னு நெனச்சிட்டாளுங்க" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"தடை அறிந்தவர் சொல்லலாம்" என்று சாமியார் முடித்தார். அந்த வாக்கியத்தையும் அக்காளின் கைகள் தங்கையிடம் சேர்த்தன. ஆரோக்கியம்மாள் எழுந்தாள். நடுவழியே நிமிர்ந்து நடந்து முன்னே வந்தாள். அவள் கைகள் சொல்லச் சொல்ல, மிக்கேலம்மாள் அதற்குக் குரல் கொடுத்தாள்.

"இது மூணாவது ஓலைங்கறீங்க. மொத ரெண்டும் எனக்குக் கேக்கல. சாமி கேட்டப்ப சம்மதம்னு சொன்னது எங்கப்பா. நானில்ல."

"தடை உண்டென்றால் தடையைச் சொல், அம்மா" என்றார் சாமியார்.

"தடை நாந்தானுங்க, சாமி."

ஆரோக்கியம்மாள் இன்னாசிராஜின் பக்கம் திரும்பினாள்.

"கெடாரி பாக்க வந்தீங்கன்னு நெனச்சேன். பல்லெல்லாம் காட்டுனேன். என்னப் பாக்கத்தான் வந்தேன்னு நீங்களாவது காட்டியிருக்கலாமில்ல?"

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்து, உடனே அவிந்தது. இன்னாசிராஜ் எழுந்தான். பதில் சொல்லக் கைகளைத் தூக்கினான். தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே தாழ்த்தினான். "பொண்ணுக்கு முழுச் சம்மதம்னு மாமா சொன்னாருங்க" என்றான் தரையைப் பார்த்து.

பெரியநாயகம் முகத்தை மாதா சுரூபத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆரோக்கியம்மாள் அவரிடம் போய், அவர் முகம் இருந்த திசையில் நின்றாள். அவர் மறுபுறம் திரும்பினார். அவளும் சுற்றிவந்து அங்கே நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அவர் கையைப் பிடித்துத் தன் நெஞ்சின் மேல் வைத்து அழுத்தினாள். மூடிய கண்களின் ஓரம் நனைந்ததே ஒழிய, அவர் திறக்கவில்லை. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

"கோயில் ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குது, சாமி. இதுங்கள வெளிய அனுப்பிட்டு ஆசீர்வாதம் குடுங்க" என்றார் சவுரியப்பன்.

சாமியார் கையிலிருந்த ஓலையைப் பார்த்தார். பெண்ணின் தகப்பன் சொன்ன ஒரு சொல்லை வாங்கி ஓலை எழுதியவர் அவர்தாமே! பீடத்தை விட்டு இறங்கி, ஆரோக்கியம்மாளுக்கு நேர் எதிரே வந்து நின்றார். அக்காளைப் பாராமல் அவள் முகத்தையே பார்த்து, "உனக்கு என்ன வேண்டும், மகளே?" என்று மெல்லக் கேட்டார். மிக்கேலம்மாள் பக்கத்தில் நின்று கைகளால் சொன்னாள்.

ஆரோக்கியம்மாள் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"மொத ஓலையிலருந்து" என்றாள் அக்காள்.

"ஆகட்டும். வாசித்த மூன்றும் செல்லாது. இன்னாசிராஜ் இந்தப் பெண்ணோடு பேசட்டும்; மிக்கேலம்மாள் உடனிருக்கட்டும். வருகிற ஞாயிறு முதல் ஓலையை..."

அக்காளின் கைகள் அந்தச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் ஆரோக்கியம்மாள் தலையை அசைத்து மறுத்தாள். இப்போது அவள் கைகள் பதறவில்லை; ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைத்தன.

"வர்ற ஞாயிறு இல்லீங்க, சாமி" என்றாள் மிக்கேலம்மாள். "நான் சொல்ற ஞாயிறு."