மச்சான் சொன்ன பனிக்கப்பல்

1

ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கச் சொல்லி நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். துருவக்கடல் பனியில் மாட்டிக்கொண்ட பழைய காலத்துக் கப்பல், பனிக்குள் நடமாடும் ஏதோ ஒன்று, பத்துப் பாகம். பயணம் உருப்படாது என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். யார் எப்போது போவார்கள் என்பதில்தான் பயமே.

ஆனால் அதை எனக்குச் சொன்ன நண்பர், நாங்கள் எல்லோரும் மச்சான் என்றே கூப்பிடுபவர், நடுவில் புகுந்துவிட்டார்.

2

உறைகிடங்கின் குளிர் எலும்பை...

(வேண்டாம். குளிர் என்றாலே எல்லோரும் எலும்புக்குப் போய்விடுகிறார்கள்.)

மீன் பெட்டிகள் அடுக்கும் கிடங்கு அது. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நின்று இன்டர்காமில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் நின்றால் கதவைத் திறக்க வேண்டும். அங்கே அதுதான் சட்டம்.

வெளியே மச்சான். உள்ளே அவர் தங்கையின் கணவர். மச்சான் வீட்டில் ஒன்றாக இருந்த மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லாமல் தனிக்குடித்தனம் போய்விட்டார். அந்தப் புது வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று மச்சான் சபதம் போட்டுவிட்டார். இரண்டு மாதமாக "இருக்கீங்களா?", "இருக்கேன்", அவ்வளவுதான் பேச்சு. மச்சானுக்குத் தாங்கவில்லை.

"மாப்ள, ஒரு சீரியல் இருக்கு. பாருங்களேன்."

"எதப் பத்தி?"

"குளிர்ல மாட்டிக்கிட்ட ஆளுங்களப் பத்தி."

"அதத்தான் தெனம் பாக்குறேனே மச்சான்!"

3

தினம் ஒரு பாகம், மறுநாள் இன்டர்காமில் அலசல். (மச்சான் இவ்வளவு நல்லவரா? சந்தேகமாக இருக்கிறது. கொஞ்சம் அவசரக்குடுக்கை என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.) ஏழாம் நாள் வாய் தவறிவிட்டது.

"கேப்டனே போயிடுவாருன்னு நான் நெனைக்கல மாப்ள."

பதில் இல்லை.

"மாப்ள?"

மச்சானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கைக்கு என்ன பதில் சொல்வது? கதவைத் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்தார்.

பெட்டிமேல் உட்கார்ந்து மாப்பிள்ளை முறைத்துக்கொண்டிருந்தார். "நான் ஆறாவது பாகம் வரைக்கும்தான் பாத்திருக்கேன்!"

மச்சான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார். "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமே மாப்ள."

"சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா?"

4

முடிவு ஒன்று: இருவரும் சிரித்தார்கள். (சப்பென்று இருக்கிறது.)

முடிவு இரண்டு: பெட்டிகளுக்குப் பின்னால் ஏதோ ஒன்று நகர்ந்... (சீச்சீ.)

நடந்தது இதுதான். "கடைசிப் பாகத்த நீங்க இல்லாமப் பாக்க மாட்டோம். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க" என்றார் மாப்பிள்ளை.

இன்று சனிக்கிழமை. சபதத்தை விட்டுவிட்டுப் போகலாமா என்று மச்சான் என்னைக் கேட்டார். எழுதிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எழுதியாயிற்று, எனக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள், மனுஷர் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.