சவத்தைப் போட்டுட்டு வால

முதல் ஷிப்ட் சாப்பாட்டு நேரம். ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த உதிரிபாகத் தொழிற்சாலையின் கேண்டீனில், வழக்கம்போல ஜன்னல் ஓரத்து மேசைகளில் பிள்ளைப்பாக்கம், படப்பைப் பக்கத்து ஆட்கள். கை கழுவும் இடத்தை ஒட்டிய மேசைகளில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பென்னலூரில் அறை எடுத்துத் தங்கியிருந்த பையன்கள். இப்படித்தான் உட்கார வேண்டும் என்று எந்த மகராசனும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தவர் ஒருவரும் இல்லை.

அன்றைக்குப் பணியாளர் அதிகாரி நரசிம்மன் அங்கே வந்து ஒரு செய்தி சொன்னார். கம்பெனி தொடங்கி ஐந்து வருஷம் ஆனதைக் கொண்டாட, தொழிலாளர் சிலரை இமயமலைக்குக் கூட்டிப் போகிறார்களாம். சில நாள் நடந்து, பதினாலாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஒரு கணவாயைக் கடந்து அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அசெம்ப்ளி லைனிலிருந்து மூன்று பேர் தேர்வானார்கள். பிள்ளைப்பாக்கத்துக் கோதண்டம், நாங்குநேரிப் பக்கத்து இசக்கியப்பன், அவனுடைய அறைத்தோழன் மகாராஜா. மலையில் யார் எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வோம் என்று நரசிம்மன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. லைனில் டீம் லீடர் இடம் ஒன்று காலியாக இருந்தது.

கோதண்டத்துக்கு அந்த வேலை கிடைத்தாக வேண்டும். "எங்க நெலத்துல ஃபேக்டரி கட்டிகினு, வேலைய மட்டும் வெளியூர்க்காரனுக்குக் குடுப்பானுங்களா?" என்று மனைவி அம்சவல்லியிடம் பொருமினான். இசக்கியப்பன் மீது அவனுக்கு முதலிலிருந்தே சந்தேகம். அவன் இவனை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவான். அவன் ஊரில் அது மரியாதைச் சொல். கோதண்டத்துக்குத் தெரிந்த அண்ணாச்சி மளிகைக்கடையில் பருப்பு நிறுப்பவர். பயல் நம்மைக் கிண்டல் பண்ணுகிறான் என்றே எடுத்துக்கொண்டான். இரண்டு வருஷம் ஒரே லைனில் நின்றவர்கள், ஐயா! அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால்தானே?

நரசிம்மனும் கூட வர, மணாலியிலிருந்து ஏறத் தொடங்கிய முதல் நாளே கோதண்டத்துக்குத் தலைவலி. உயரம் போகப் போகக் காற்று குறையும், தலை வலித்தாலோ வாந்தி வந்தாலோ உடனே சொல்லிவிட வேண்டும், மறைத்தால் உயிருக்கே ஆபத்து என்று மலைக்காரரான வழிகாட்டி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கோதண்டம் சொல்லவில்லை. இரண்டாம் நாள் கூடாரம் போட்ட இடத்தில், இசக்கியப்பன் மாத்திரையும் சூடான பூண்டுக் கஞ்சியும் கொண்டுவந்து நீட்டினான்.

"தலை வலிக்கா அண்ணாச்சி? மொகமே சரியில்லையே."

"எனுக்கு ஒண்ணும் இல்ல. நீ உன் வேலையப் பாரு."

இவன் எதற்குத் திரும்பத் திரும்பக் கேட்கிறான்? ஆமாம் என்று சொன்னால் நேரே நரசிம்மனிடம் ஓடிப் போட்டுக் கொடுப்பான், நம்மைக் கீழே அனுப்பிவிட்டு அவன் டீம் லீடர் ஆகிவிடுவான். கோதண்டம் இப்படிக் கணக்குப் போட்டான். மாத்திரையைப் பனியில் வீசினான். கஞ்சியைத் தொடவில்லை. அதில் எதையாவது கலந்திருந்தால்?

கணவாய் ஏறும் நாள் காலையில் மழையும் பனியுமாகப் பெய்தது. கோதண்டம் கூடாரத்துக்குள் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். வெளியே இசக்கியப்பன் பேசுவது கேட்டது.

"ஏல மகாராஜா, அந்தச் சவத்த இங்கனயே போட்டுட்டு வால. கணவாய் வரைக்கும் அத எவன் சொமப்பான்?"

கோதண்டம் தலையைத் தூக்கிப் பார்த்தான். சவம் என்றால் பிணம். அந்தக் கூடாரத்தில் படுத்துக் கிடந்தவன் அவன் ஒருவன்தான். அடப்பாவிகளா, உயிரோடு இருக்கும்போதே விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார்களே! தட்டுத்தடுமாறி எழுந்தான். யாரிடமும் பேசாமல், வழிகாட்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடந்தான்.

கணவாய் கண்ணுக்குத் தெரிந்த சரிவில் அவன் கால்கள் பின்னின. குடிகாரனைப் போல் தள்ளாடினான். வாந்தி எடுத்துப் பனியில் சாய்ந்தான். முன்னே போய்க்கொண்டிருந்த இசக்கியப்பன் திரும்பி ஓடிவந்து, கோதண்டத்தின் தோளிலிருந்த பையைக் கழற்றப் பார்த்தான். கோதண்டம் அவன் முகத்தில் ஓங்கிக் குத்தினான்.

"கிட்ட வராத. என்ன இங்கியே போட்டுட்டுப் போவத்தான பாக்கற?" நாக்குக் குழறியது.

குத்து வாங்கிய உதட்டைத் துடைத்துக்கொண்டு இசக்கியப்பன் வழிகாட்டியைக் கூப்பிட்டான். வழிகாட்டி ஒரு பார்வை பார்த்தார். இந்த நிமிஷமே கீழே இறக்காவிட்டால் பிழைக்க மாட்டான் என்றார். இன்னும் கொஞ்ச தூரம்தானே, மெதுவாக ஏற்றிவிடலாமே என்றார் நரசிம்மன். உயரம் தெரியாத அதிகாரி! இசக்கியப்பன் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. கோதண்டத்தை முதுகில் ஏற்றிக்கொண்டான். வழிகாட்டியின் உதவியாள் ஒருவர் கூட வர, வந்த வழியே இறங்கத் தொடங்கினான். மற்றவர்கள் கணவாயைக் கடந்து போனார்கள்.

இறங்க இறங்கக் கோதண்டத்துக்கு மூச்சு சீரானது. ஆப்பிள் தோட்டங்கள் இருந்த மலைக் கிராமத்தை அடைந்தபோது தலை தெளிந்திருந்தது. வீங்கிய உதட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக் கேட்டான்.

"சவத்தப் போட்டுட்டு வான்னு சொன்னியே. அப்புறம் எதுக்குபா தூக்கிகினு வந்த?"

இசக்கியப்பனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"அய்யய்ய, மகாராஜா மழையில நனைஞ்ச கம்பளியச் சொமந்துக்கிட்டு நின்னாம்லா, அதச் சொன்னேன் அண்ணாச்சி! எங்கூர்ல பிடிக்காதது எல்லாமே சவம்தான். கரண்டு போனா சவத்துக் கரண்டு, பஸ்ஸு வரலன்னா சவத்துப் பஸ்ஸு. எங்கம்மையே என்னய அப்படித்தான் ஏசுவா."

கோதண்டம் சிரிக்கவில்லை. அவமானத்தில் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஒரு கம்பளிக்காகவா சாகக் கிடந்தோம் என்று நினைக்க நினைக்க அவனுக்கு ஆறவில்லை.

மறுநாள் மணாலியில் எல்லோரும் ஒன்றுசேர்ந்தார்கள். நரசிம்மன் வந்ததும் வராததுமாக இசக்கியப்பன் மீது பாய்ந்தார். கணவாயைக் கண்டு பயந்துதானே இதைச் சாக்காக வைத்து இறங்கினாய், உதவியாள் ஒருவரே இவரைக் கீழே கொண்டுவந்திருக்க மாட்டாரா என்று கேட்டார். இப்படிப்பட்டவனை டீம் லீடராக நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்றார். கோதண்டம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை அவனுக்குத்தான். அவன் எழுந்து நின்றான்.

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க சார். மொத நாளே எனுக்குத் தலவலி. சொன்னா உங்க கிட்ட போட்டுக் குடுத்துடுவான்னு மறச்சிட்டேன். அவன் குடுத்த மாத்திரையத் தூக்கிப் போட்டேன். காப்பாத்த வந்தவன் வாயிலயே குத்தினேன்."

இப்படி உடம்பு முடியாததை மறைத்தவனை நம்பி ஒரு லைனை எப்படி ஒப்படைப்பது என்று நரசிம்மன் திருப்பிக் கேட்டார்.

"எனுக்குக் குடுக்காதீங்க சார். ரெண்டு வருசமா பக்கத்துல நிக்கறவன் பேச்சு கூட எனுக்குப் புரியல, வெளியூர்க்காரன்னு ஒதுக்கியே வெச்சிருந்தேன். புரியலன்னா அவன் கிட்டயே கேட்டுடணும் சார். கேக்காம சந்தேகப்பட்டா, காப்பாத்த வர்றவனையே கொலகாரன்னு நெனச்சிகினு சாவ வேண்டியதுதான்."