வலது வாசல்

எங்கள் மலையூர்ப் பாட்டு நாடகத்தில் கெட்டவர்களுக்குச் சிவப்பு உடுப்பு, மேடையின் இடது வாசல். நல்லவர்களுக்கு நீல உடுப்பு, வலது வாசல். யார் எந்த வாசலில் போவது என்று மேடை ஓரம் நின்று கொடி காட்டுபவன் நான், பெத்தான். இருபத்திரண்டு வருஷம் காட்டினேன்.

இமானோல் சாமி எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டுப் பாதிரியார்; எங்களைப் போலவே பாஸ்க் மொழிக்காரர். சுட்டுக்கொல்லப்பட்டவர்களுக்காக ஊரறியப் பூசை வைத்தார் என்று, அங்கே ஆட்சியைப் பிடித்த ஜெனரலின் ஆட்கள் தேடவும், மலை தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். இங்கே பிரசங்கம் செய்யவும் அனுமதி இல்லை. பரணில் கிடந்த நாடக ஏடுகளைப் படித்து, அவற்றின் முந்நூறு வருஷ வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். எழுதுவதோடு நின்றாரா? என்னைத் திருத்தவும் செய்தார். எரிச்சல் எரிச்சலாக வரும்.

"பெத்தான், பழைய ஏட்டுல சாத்தான் இங்க மூணு தடவை குதிக்கிறான்யா."

"அந்தச் சாத்தான் எளவட்டம், சாமி. நம்மாளுக்கு மூட்டுவலி."

ஜெர்மன்காரன் எங்கள் நாட்டைப் பிடித்த மறுவருஷம், நாடகத்தன்று காலையில் என் மனைவி எங்ராசி ஓடி வந்தாள். "போலீஸ் வந்திருக்கு. சாமியைப் பிடிச்சு அந்தப் பக்கம் ஒப்படைக்கப் போறானுங்களாம்!"

ஒப்படைத்தால் சுவரோரம் நிறுத்திச் சுடுவார்கள். ஊருக்கே தெரியும்.

சாமிக்குச் சிவப்பு ராஜா உடுப்பை மாட்டி, தாடி ஒட்டினோம். வலது வாசலுக்கு வெளியே, உடுப்பு மாற்றும் கொட்டகையில் போலீஸ் காத்திருந்தது. இடது வாசலுக்கு வெளியே ஒரு கோவேறு கழுதை, அதற்கப்பால் மலைப்பாதை. கதைப்படி கடைசியில் ராஜா ஞானஸ்நானம் பெற்று வலது வாசலில் போக வேண்டும். அன்று மட்டும் முறையை மீறி, சிவப்புக் கொடி காட்டி இடது பக்கம் அனுப்புவதாகப் பேச்சு.

"யோசிக்காம என் கொடியை மட்டும் பாருங்க, சாமி."

"யோசிக்காம இருக்கத்தான்யா எனக்கு வராது." சிரித்தார்.

நன்றாகவே பாடினார். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். என் கை நீலக் கொடியைத் தூக்கியது.

பழக்கம். வேறென்ன சொல்ல? பதறிப்போய்ச் சிவப்புக் கொடியைத் தேடினேன்.

"என்ன பெத்தான், தூக்கமா?" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். கொட்டகையிலிருந்து ஒரு போலீஸ்காரன் எட்டிப் பார்த்து என்னை முறைத்தான். சாமி அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பாட்டின் கடைசி அடியைப் பாடிக்கொண்டே வலது வாசலுக்கு நடந்தார்.

அந்த வாரமே சுட்டுவிட்டார்கள்.

அவர் எழுதியது எங்கள் பரணில் இருக்கிறது. எங்ராசிதான் படித்துக் காட்டினாள். கொடி காட்டுபவனைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. 'அவன் தவறினால், அதுதான் சரி என்பதுபோல் நடிகன் நடந்துவிட வேண்டும். தயங்கினால் கூட்டத்தின் கண் கொடி காட்டுபவன்மேல் விழும்.'

அது எந்த ஏட்டிலும் இல்லாதது. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.