எழுத்தில் வராத உத்தரவு

1987 ஜூலை 18, சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குற்றாலம் மெயினருவியில் ஆண்கள் வரிசை கடைத்தெரு வரை நின்றது.

அந்த வரிசையில் போய்ச் சேருமுன், தென்காசி டுடோரியல் கல்லூரி ஒன்றின் தாளாளர் சங்கரநாராயணன் வாடகை பங்களா வராந்தாவில் ஒரு முக்காலியில் உடம்பெல்லாம் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தார். சீசன் முழுக்கக் கல்லூரி நிர்வாகம் அந்த முக்காலியில்தான் நடக்கும்.

எதிரே ஆசிரியை சண்முகசுந்தரி நின்றாள். பி.ஏ. மாணவர்களுக்கு, எழுத்தை அதன் சொற்களைக் கொண்டே பிரித்துக் கவிழ்க்கும் கட்டவிழ்ப்புத் தத்துவம் நடத்தியதற்காக அவளுக்கு மெமோ. அது பாடத்திட்டத்தில் இல்லை. உண்மையில் அவள் தலையிலும் இல்லை. சிற்றிதழ்க் கட்டுரையை நான்கு முறை படித்தும் ஏறவில்லை. எந்த எழுத்தும் தான் கீழே தள்ளுவதன் தோள்மேல்தான் நிற்கிறது என்று மட்டும் வகுப்பில் சொல்லிவைத்தாள். மெமோ கைக்கு வந்து, அதைப் படித்த பிறகுதான் அந்தத் தத்துவம் விளங்கியது. இந்த வேலை போனால் வேறு வேலை கிடையாது என்பதும் கூடவே விளங்கியது.

தாளாளர் கையெல்லாம் எண்ணெய். அவளுடைய பதிலைக் குமாஸ்தா வேல்சாமி வாசித்தார்.

“‘ஆசிரியர் இல்லாமலும் கல்லூரி நடக்கும்’ என்கிறது மெமோவின் முதல் வரி. கேட்டும் நான் மூன்று நாளாக விளக்கம் தராததால் நிர்வாகம் ஸ்தம்பித்துவிட்டது என்கிறது கடைசி வரி. ஆகவே மெமோவின்படியே, கல்லூரி என் விளக்கத்தின் மேல் நிற்கிறது.”

“இதையா வே நான் எழுதச் சொன்னேன்?”

“ஐயா சொன்னதைத்தான் டைப் அடிச்சேன்.”

“நான் நெனச்சது வேற.”

“நெனச்சது பேப்பர்ல இல்ல சார்,” என்றாள் சண்முகசுந்தரி. “இருக்கதைத்தான் வாசிச்சேன்.”

“ஏம்மா, உனக்குக் கல்யாணப் பத்திரிகை குடுத்தா, மாப்பிள்ளையே இல்லைன்னு சொல்லுவ போலிருக்கே.”

“பத்திரிகையப் பாத்துத்தான் சொல்லணும் சார்.”

சங்கரநாராயணன் முழங்காலைத் தேய்த்தார். “வேல்சாமி, இந்தம்மாவ இன்னையோட நிறுத்தியாச்சு.”

“எழுதித் தாங்க ஐயா. வாய்ச்சொல்ல வச்சு ரிஜிஸ்டர்ல பேரை அடிக்க முடியாதுல்லா.”

“எழுதுனா அதையும் பிரிச்சு மேய்வா. இனிமே யாருக்கும் எதையும் எழுதாதீரும் வே. எல்லாம் வாயாலதான்.”

வேல்சாமி திரும்பினார். “டீச்சர், வாயால நிறுத்தியாச்சாம்.”

“காதால கேட்டுக்கிட்டேன் அண்ணாச்சி.”

எழுத்தில் உத்தரவு எதுவும் வரவில்லை. திங்கட்கிழமை ஒன்பதரைக்குச் சண்முகசுந்தரி வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, முதல் வகுப்புக்குப் போனாள்.