ஆவி வர ஒரு பொட்டு

"ஆவி வரலே!"

போர்வைக்குள்ளிருந்து அலறல்.

கிட்டுசாமி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. இன்னும் ஐந்து மணி நேரம்கூட இல்லை.

டெக்சாஸ், காப்பெல். 2007 நவம்பர், ஒரு சனிக்கிழமை. மாலை நான்கு மணிக்குத் தமிழ்ச் சங்கத்தின் தீபாவளிப் பட்டிமன்றம். 'வாழ்க்கையை இனிமையாக்குவது மனிதர்களா, இயந்திரங்களா?' இயந்திர அணிக்குத் தலைவி அவர் மனைவி மரகதம். எதிரணித் தலைவி அபயாம்பாள் ஆன்ட்டி. மூன்று தீபாவளியாக மரகதத்தை மேடையிலேயே சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனவர். இந்த வருடம் விடுவதில்லை என்று, ஆபீஸ் போகும் வழியெல்லாம் காருக்குள் தனியாகப் பேசிப் பழகியிருந்தாள் மரகதம். பேச்சு தயார். பட்டுப்புடவை தயார். வியாழக்கிழமை மூக்கு அடைத்துக்கொண்டது.

மூக்கு அடைத்தால் 'ம' போய் 'ப' வரும். 'ந' போய் 'த' வரும். காலை ஒத்திகையில் 'நடுவர் அவர்களே' என்பது 'தடுவர் அவர்களே' என்று வெளிவந்தது. 'மனித மனம்' என்னவானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கிட்டுசாமி சிரித்துவிட்டார். அந்தக் குற்றத்துக்குத் தண்டனையாக, ஆவி பிடிக்கும் மெஷின் வாங்கக் கடைக்கு விரட்டப்பட்டார்.

பதினைந்து டாலர் பிளாஸ்டிக் டப்பாவைத் தாண்டிப் போய், மேல் தட்டிலிருந்த ராஜாவைத் தூக்கி வந்தார். 'மிஸ்ட்ரோனா ராயல்'. கறுப்புக் கண்ணாடி முகம், தலையில் கிரீடம் மாதிரி மூடி. மூடியைத் திறக்க மூன்று கை வேண்டும். தண்ணீர் அளவுக்கோடு அடிப்பக்கத்தில் இருந்தது. பார்க்கக் கவிழ்த்தால் தண்ணீர் மடியில் கொட்டியது. அதெல்லாம்கூடப் போகட்டும். மரகதம் போர்வையைப் போர்த்திக்கொண்டு முகத்தை நீட்டினால் போதும். ஆவி சட்டென்று நின்று, ஒரு தேன்குரல் ஆங்கிலத்தில், "தயவுசெய்து விலகி நில்லுங்கள்" என்றது.

விலகினாள். புஸ்ஸ்.

நெருங்கினாள். கப்சிப்.

போர்வையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவள் சொன்னதை மூக்கு திறந்த தமிழிலேயே தருகிறேன்.

"ஏனுங்க, தள்ளி நின்னா ஊதுது, கிட்டப் போனா மூஞ்சியத் திருப்பிக்குது. அப்படியே உங்க தங்கச்சி!"

"குண்டாவுல வெந்நி வச்சுத் தரட்டுமா அம்மிணி? அஞ்சு நிமிஷம்."

"குண்டாவுல ஆவி புடிச்சுப்போட்டு, மேடையேறி மெஷின் வாழ்கன்னு சொல்றதுங்களா? நாக்கு கூசாது? காத்தால ஆன்ட்டி போன் பண்ணப்ப, நூத்தம்பது டாலருக்கு மெஷின் வாங்கிப்போட்டேன்னு நீங்கதான ஒளறுனீங்க! இந்தச் சனியன் ஓடியே ஆவோணும்."

கிட்டுசாமி சாஃப்ட்வேர் டெஸ்டர். குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர். கஸ்டமர் சர்வீஸுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நாற்பது நிமிடம் புல்லாங்குழல் வாசித்துவிட்டு ஒரு பெண் வந்தாள். பெயர் டெப்ரா.

"மொத்தம் ஏழு குறைகள்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார் கிட்டுசாமி. "முதலாவது, மூடி..."

ஐந்தாவதில் டெப்ரா குறுக்கிட்டாள். "ஒரு நிமிடம் சார். உங்கள் மனைவி இயந்திரத்திலிருந்து எவ்வளவு தூரம்?"

"ஒரு சாண்."

"அதன் முகப்பில் சின்னதாக ஒரு சிவப்புக் கண் இருக்கும். ஆள் சூடு பட்டால் நிறுத்திவிடும். நீங்கள் அதை அறையின் அந்தக் கோடியில் வைக்க வேண்டும். அது ரூமுக்கானது."

"ஜலதோஷம் ரூமுக்கா? எனக்கு!" என்று பின்னாலிருந்து சீறினாள் மரகதம்.

"போர்வைக்குள் வைத்துத்தானே பிடிக்க முடியும்?" என்றார் கிட்டுசாமி.

மறுமுனையிலிருந்து, மிக மெதுவாக, "சார்... போர்வைக்குள் ஆள் இருக்கிறாரா?"

"என் மனைவி இருக்கிறாள்."

"சம்மதத்துடனா?"

மரகதத்துக்குப் பொறுமை போய்விட்டது. "போன் அப்படியே கெடக்கட்டும். ஒரேயொருக்கா பாக்கறேன். வல்லீன்னா இத நேரா குப்பைக்கு."

நெற்றி வேர்த்து ஸ்டிக்கர் பொட்டு நழுவிக்கொண்டிருந்தது. முகம் சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கு முன்பும் எல்லாப் பெண்களும் செய்வதை அவளும் செய்தாள். பொட்டைப் பிய்த்து, எதிரே பளபளத்த கண்ணாடியில் ஒட்டினாள். பாத்ரூமில் என்றால் அது முகம் பார்க்கும் கண்ணாடி. அங்கே ஏற்கெனவே பதினொரு பொட்டுகள் குடியிருந்தன. இங்கே எதிரில் இருந்தது மிஸ்ட்ரோனாவின் கறுப்பு முகம்.

போர்வை மூடியது.

புஸ்ஸ்ஸ்ஸ்...

பத்து வினாடி. இருபது. ஒரு நிமிடம். தேன்குரல் வாயே திறக்கவில்லை. உள்ளேயிருந்து, "ஆஹாஹா!" என்றாள் மரகதம்.

"சார், என்ன மாற்றினீர்கள்?" டெப்ராவின் குரலில் பரபரப்பு.

கிட்டுசாமி போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ராயலின் சிவப்புக் கண் இருந்த இடத்தில் கச்சிதமாக ஒரு மெரூன் வட்டம். இயந்திரத்துக்குக் கண் அவிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பொட்டு வைத்தாள், மேடம்."

"அது என்ன பாகம்? எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்."

"பி, ஓ, டபுள் டி, யூ."

டெப்ரா சிரத்தையாக எழுதிக்கொண்டாள்.

நான்கு மணி. பள்ளி ஆடிட்டோரியம் நிறைந்து வழிந்தது. முதலில் அபயாம்பாள் ஆன்ட்டி. "நடுவர் அவர்களே! எதிரணித் தலைவியாத்துல காத்தால ஒரு மெஷின் வாங்கிருக்கா. நூத்தம்பது டாலர். மூக்கு திறந்துதான்னு கேளுங்கோ!"

ஒரே கைதட்டல். முன்வரிசையில் கிட்டுசாமி கண்களை மூடிக்கொண்டார்.

மரகதம் எழுந்தாள். மைக்கைப் பிடித்தாள்.

"மாண்புமிகு நடுவர் அவர்களே!"

ஒவ்வொரு 'ம'வும் கோயில் மணி. போர்வை, சிவப்புக் கண், டெப்ரா, பொட்டு என்று நடந்ததை அப்படியே சொன்னாள். சபை குலுங்கியது.

ஆன்ட்டி துள்ளி எழுந்தார். "பார்த்தேளா! பொட்டு ஒட்டினது யாரு? மனுஷி! ஜெயிச்சது எங்க கட்சி!"



மரகதம் நிதானமாகக் கைப்பையைத் திறந்தாள். ஒரு பொட்டு அட்டையை உயர்த்திப் பிடித்தாள்.

"நெத்தியில வச்சிருந்தது நான் கொழச்ச குங்குமம்னா அது உருகி ஓடியிருக்கும். இது அட்டைப் பொட்டுங்க. ஒரே அளவு, ஒரே வட்டம், ஒரே பசை. இதச் செஞ்சது யாருங்க ஆன்ட்டி? மெஷினு! ஒரு மெஷினு அடம் புடிச்சாலும் வழிக்குக் கொண்டுவர இன்னொரு மெஷினுதான் வரோணும்!"

விசில் பறந்தது. நடுவர் ஏதோ சொன்னார். "இயந்திரங்களே" என்ற ஒரு சொல் மட்டும்தான் கேட்டது. அதுவே போதுமாயிருந்தது. கிட்டுசாமி நாற்காலி மேல் ஏறி நின்று தட்டினார்.

கூட்டம் கலையும்போது யாரோ மரகதத்தின் தோளைத் தொட்டார்கள். அபயாம்பாள் ஆன்ட்டி. அதற்குள் மூக்கு சிவந்து அடைத்திருந்தது. கையில் டிஷ்யூ.

"ஏன்டி பரகதப்" என்றார் ரகசியமாக. "அந்த பெஷித் எங்கடி வாங்கிதே?"

மரகதம் அட்டையிலிருந்து ஒரு பொட்டைப் பிய்த்து, ஆன்ட்டியின் உள்ளங்கையில் ஒட்டினாள்.