மேல் தாள்

“சாப்ட்டேன்கா. இன்னிக்கு மீட்டிங் நல்லபடியா முடிஞ்சா வேலை பர்மனென்ட்னு வர்ஷினி மேடம் சொல்லியிருக்காங்க.” மந்தைவெளிக் கல்யாண மண்டபத்தின் சுவரோரம் நின்று சித்தார்த்தன் ஃபோனுக்குள் பேசினான். பேசப் பேச அது எழுத்தாக விழுந்தது. கடலூரில் இருக்கும் அக்கா அன்புக்கரசிக்குக் காது கேட்காது. அனுப்பும் முன்பே ஓர் இரும்பு நாற்காலி அவன் தோளை உரசிக்கொண்டு சுவரில் மோதியது. ஃபோன் தரையில் விழுந்தது.

“எங்க கடைய எயுதிக் குட்த்துட்டியா பாய்?” பக்கத்துக் கடை மெஹபூப் அலியைப் பார்த்துக் கத்திய மெக்கானிக் நாகராஜின் கையில் ஜெராக்ஸ் தாள் கசங்கியிருந்தது.

மேடையில் சித்தார்த்தனின் மேலதிகாரி வர்ஷினி அந்தத் தாளைத்தான் வாசித்து முடித்திருந்தாள். ராயப்பேட்டைச் சந்தின் ஆட்டோ மெக்கானிக் கடைகள் போய், அங்கே மின்சார ஆட்டோக்களுக்குச் சார்ஜ் போடும் இடம் வருகிறது. பதினெட்டுக் கடைக்காரர்களும் காலி செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் நாகராஜின் பெயர் மெஹபூப் அலியின் கையெழுத்தில் இருந்தது. அவருடையது மட்டுமல்ல, இன்னும் நாலு பேருடையதும்.

“அரே நாகு, அன்னிக்கு நீ வண்டிக்கு அடீல கெடந்தே. கை முச்சூடும் கிரீஸு. எப்பவும் போடறதுதானேடா?”

எப்பவும் போடுவதுதான். ஸ்பேர் பார்ட்ஸ் வந்தாலும் கூரியர் வந்தாலும் யார் கை சுத்தமாக இருக்கிறதோ அவர் எல்லாருக்கும் போடுவார். இருபது வருஷப் பழக்கம். போன மாசம் பிரியாணிப் பொட்டலத்தோடு தாளை நீட்டியபோதும் அப்படித்தான் நடந்தது. நீட்டியவன் சித்தார்த்தன். “சும்மா, யார் யார் வந்தீங்கன்னு கணக்குக்கு பாய்” என்று சொன்னதும் அவன்தான்.

நாகராஜ் மெஹபூப் அலியின் சட்டையைப் பிடித்து மேடை விளிம்பில் மோதவைத்தார். பல் உடையும் சத்தம் சித்தார்த்தனுக்குத் தனியாகக் கேட்டது. விலக்கப் போனவன் முகத்தில் முழங்கை இறங்கியது. யாரோ புரொஜெக்டரை உதைக்க, ‘அனைவரையும் உள்ளடக்கிய பசுமை மாற்றம்’ என்ற எழுத்து சுவரிலிருந்து கூரைக்குத் தாவி அணைந்தது. “ஆப்பு வெச்சிட்டு அட்டெண்டன்ஸ் வேற எடுக்கறானுங்கோ!” என்று ஒருவர் கத்தினார். நாற்காலிகள் மடங்கி மடங்கிப் பறந்தன.

“அவங்களே போட்ட சைன்தானே? சித்தார்த், நீதானே வாங்கின? சொல்லேன்!” வர்ஷினி மேடையிலிருந்து கத்தினாள்.

மெஹபூப் அலி தரையில் உட்கார்ந்திருந்தார். தாடியெல்லாம் ரத்தம். அவர் கெஞ்சவில்லை.

“தம்பி, நீ சொல்லுப்பா. அன்னிக்கு மேல எதுனா எழுதியிருந்துச்சா?”

நாகராஜின் ஓங்கிய கை அப்படியே நின்றது. மண்டபம் முழுக்கச் சித்தார்த்தனைப் பார்த்தது. பதினாலாம் தேதி காலை, ஆபீஸில், ‘காலி செய்யச் சம்மதிக்கிறோம்’ என்று அச்சிட்டு வர்ஷினி கொடுத்த மேல் தாளை அந்தக் கையெழுத்துகளுக்கு மேலே வைத்து ஸ்டேப்ளரை அழுத்தியது அவன் கட்டைவிரல்தான். மேல் தாளை அவன் படித்திருந்தான். இரண்டு முறை.

“இல்ல பாய். ஒண்ணும் எழுதல. மேல் தாளை அப்புறமா வெச்சு பின் அடிச்சது நான்தான்.”

நாகராஜ் மெஹபூப் அலியை விட்டார். குனிந்து, மடங்கிக் கிடந்த இரும்பு நாற்காலியின் காலைப் பிடித்து இழுத்தார். தரையில் அது கீறிக்கொண்டே வந்தது.

சித்தார்த்தனின் காலடியில் கீறல் விழுந்த ஃபோன் திரையில் மைக் குறி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. ‘வேலை பர்மனென்ட்’ என்பதற்குக் கீழே, அவன் கடைசியாகச் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக அக்காவுக்கு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.